கஷ்ட காலத்தில் ஒரு பிடி அரிசி

கஷ்டம் வந்தால் கடவுளைக் கூப்பிடுகிறோம். கஷ்டம் தீர்ந்தால் மறந்து விடுகிறோம்.

இது மனித சுபாவம். எந்த மதத்துக்காரரும் இதற்கு விலக்கு அல்ல.

ஆனால், கஷ்டம் தீர்ந்த பிறகும் மறக்காத சிலர் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் ஆரம்பித்து வைத்த நல்ல காரியங்கள்தான் அடுத்த கஷ்டம் வரும்போது ஊரைக் காப்பாற்றுகின்றன.

"அன்பு காட்டு, ஜெபம் செய், நன்றி சொல்" என்று கிறிஸ்தவக் குடும்பங்களில் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். சொல்வது சுலபம். வயிறு காயும்போது, வீட்டில் நோய் படுத்திருக்கும்போது, இந்த மூன்றும் என்ன பயன் தரும்?

மதுரைச் சீமையின் கதை இதற்குப் பதில் சொல்கிறது.

தாது வருஷப் பஞ்சம்

1876-ம் வருஷம். தமிழ்க் கணக்கில் அது தாது வருஷம். மழை பொய்த்தது. மறு வருஷமும் பொய்த்தது. கண்மாய்கள் வறண்டன. ஆடு மாடுகள் செத்தன. பிறகு மனிதர்கள் சாகத் தொடங்கினார்கள்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய இந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

அப்போது நாட்டை ஆண்டது வெள்ளைக்கார சர்க்கார். பஞ்ச வேலைக்கு வந்த ஆண் கூலிக்கு ஒரு நாளைக்கு 1 பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று 1877-ல் உத்தரவு வந்தது. 1 பவுண்டு என்றால் சுமார் 450 கிராம். நாள் முழுவதும் கல் உடைப்பவனுக்கு இதுதான் ஆகாரம்!

"இது போதாது" என்று சென்னை மாகாணத்தின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். கப்பல்களில் தானியம் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

ஆண்டவர்களும் கிறிஸ்தவர்கள். எதிர்த்து எழுதியவரும் அவர்களுடைய அதிகாரி. ஆகவே, கோயிலுக்குப் போவதால் மட்டும் ஒருவருக்கு இரக்கம் வந்து விடாது. பசித்தவனின் முகத்தைப் பார்த்தவனுக்குத்தான் இரக்கம் வருகிறது.

குஞ்சரத்தம்மாள்

மதுரையில் அந்தப் பஞ்சத்தைப் பற்றிப் பேசினால், முதலில் ஒரு பெண்ணின் பெயரைத்தான் சொல்வார்கள். குஞ்சரத்தம்மாள்.

அவர் தாசி குலத்தில் பிறந்தவர். வசதியாக வாழ்ந்தவர். ஊர் பசியால் துடித்தபோது, நகைகளை விற்றுக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார். நகை தீர்ந்தது, வீட்டையும் விற்றார். கடைசியில் ஏழையாக இறந்தார் என்று மதுரை மக்கள் இன்றும் சொல்கிறார்கள்.

இயேசுநாதர் சொன்ன நல்ல சமாரியன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்து, குருமார் விலகிப் போனார்கள். ஊரார் தாழ்வாக நினைத்த சமாரியன்தான் நின்று உதவினான். மதுரையில் அந்தச் சமாரியன் குஞ்சரத்தம்மாள். அவர் கிறிஸ்தவர் அல்ல. ஆனால் கதையின் பொருள் அவரிடம் இருந்தது.

கஞ்சிக்குக் கைமாறா?

அந்தப் பஞ்சத்தில் பாதிரியார்களும் சும்மா இருக்கவில்லை. 1834 முதல் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன், கத்தோலிக்க குருமார், திருநெல்வேலியில் கால்டுவெல் போன்றவர்கள் எல்லோரும் நிவாரண வேலையில் இறங்கினார்கள். லண்டன் மேயர் திரட்டிய நிதியும் வந்து சேர்ந்தது. அதைப் பங்கிட்ட கமிட்டிகளில் பாதிரியார்களும் இருந்தார்கள்.

பஞ்சம் முடிவதற்குள் தென் மாவட்டங்களில் பல ஆயிரம் பேர் கிறிஸ்தவ சபைகளில் சேர்ந்தார்கள்.

உடனே ஒரு பேச்சு கிளம்பியது. "அரிசிக் கிறிஸ்தவர்கள்" என்று சிலர் கேலி செய்தார்கள். கஞ்சி கொடுத்து மதம் மாற்றினார்கள் என்பது குற்றச்சாட்டு. இன்றும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. பசித்தவன், சோறு போட்ட இடத்தில் சேர்வது இயற்கை. நூற்றாண்டுக் கணக்கில் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவனை, ஒருவர் வீடு தேடி வந்து தொட்டுத் தூக்கினால், அவன் அவரோடு போவதும் இயற்கை. அவனைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் கொடுப்பவன் தன்னைத் தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். "இவன் என் கோயிலுக்கு வரமாட்டான் என்று தெரிந்தாலும் கொடுப்பேனா?"

பைபிளில் பத்துக் குஷ்டரோகிகள் கதை வருகிறது. பத்துப் பேருக்கும் நோய் நீங்கியது. ஒருவன்தான் திரும்பி வந்து நன்றி சொன்னான். அவனும் வேற்று இனத்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசுநாதர் கேட்டார். ஆனால் அவர்களுக்குக் கொடுத்த சுகத்தை அவர் திருப்பி வாங்கவில்லை!

கைமாறு கேட்டால் அது வியாபாரம். கேட்காமல் கொடுத்தால்தான் அன்பு.

ஆஸ்பத்திரி கட்டிய கைகள்

சமாரியன் கதையில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு.

அவன் காயத்தைக் கட்டியதோடு போய்விடவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக் காசு கொடுத்தான். "இன்னும் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன்" என்றான். அதாவது, நாளைய செலவையும் ஏற்றுக்கொண்டான்.

ஒரு நாள் இரக்கம் எல்லோருக்கும் வரும். நாளைய செலவை ஏற்பதுதான் கடினம்.

மதுரையில் அப்படி ஏற்றவர்கள் இருந்தார்கள். பசுமலையில் 1881-ல் அமெரிக்கன் கல்லூரி தொடங்கியது. கீழவெளி வீதியில் மிஷன் ஆஸ்பத்திரி வளர்ந்தது. கேட்டி வில்காக்ஸ் அம்மையார் 1948-ல் பெண்களுக்காக லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார்.

மிஷன் ஆஸ்பத்திரியை வளர்த்தவர் டாக்டர் வான் ஆலன் என்ற அமெரிக்கர். அந்தக் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் இந்து ஜமீன்தார்களும் தனவந்தர்களும் இருந்தார்கள். சுகம் அடைந்தவர்களின் நன்றி, அடுத்த நோயாளிக்குக் கட்டிலாக மாறியது.

பிற்காலத்தில் இதே ஊரில், ஸ்ரீஅரவிந்தரின் பக்தரான டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். பணம் உள்ளவர் கொடுப்பார். இல்லாதவருக்கும் அதே ஆபரேஷன் நடக்கும். மதம் வேறு. ஆனால் நாளைய செலவுக்கும் வழி செய்தது ஒன்றுதான்.

கோயில் கதவு மூடியபோது

2020 மார்ச் 25. கொரோனாவுக்காக நாடு முழுவதும் ஊரடங்கு. மதுரையில் மாதாகோயில்கள் மூடப்பட்டன. ஈஸ்டர் பண்டிகையை ஜனங்கள் வீட்டுக்குள் கொண்டாடினார்கள். சித்திரைத் திருவிழாவும் நடக்கவில்லை. மீனாட்சி திருக்கல்யாணத்தை மட்டும் நடத்தி, பக்தர்கள் வீட்டிலிருந்தே பார்க்க ஏற்பாடு செய்தார்கள். பள்ளிவாசல்களும் அமைதியாக இருந்தன.

"கஷ்ட காலத்தில்தானே ஜெபம் செய்ய வேண்டும்? அப்போது கதவை மூடலாமா?" என்று பலர் வருந்தினார்கள்.

நியாயமான வருத்தம். ஆனால் கூட்டம் கூடினால் நோய் பரவும். பக்கத்தில் உட்காரும் பாட்டியின் உயிருக்கு ஆபத்து. ஆகவே கதவை மூடியதே அயலானிடம் காட்டிய அன்புதான்.

ஜெபம் கொரோனாவை விரட்டியதா? இல்லை. தடுப்பூசியும், டாக்டரும், நர்சும், பிராணவாயு சிலிண்டரும்தான் அந்த வேலையைச் செய்தன. ஜெபித்தவர்களும் இறந்தார்கள், ஜெபிக்காதவர்களும் பிழைத்தார்கள். இதை ஒப்புக்கொள்வதால் பக்தி குறைந்து விடாது.

அப்படியானால் ஜெபத்தால் என்ன பயன்?

ஒரு வீட்டில் மாலையில் குடும்பமாக உட்கார்ந்து ஜெபிக்கிறார்கள். "எதிர் வீட்டு ஆட்டோக்காரருக்கு ஒரு மாதமாகச் சவாரி இல்லை. அவரைக் காப்பாற்று" என்று அம்மா சொல்கிறாள். கண் மூடிக் கேட்கும் பிள்ளைக்கு அப்போதுதான் விஷயம் தெரிகிறது. மறு நாள் காலையில் அந்த வீட்டுக்கு ஒரு பை அரிசி போகிறது.

ஜெபத்தின் பயன் இதுதான். யாருக்கு என்ன குறை என்பதை அது நினைவில் வைக்கிறது. பெயர் சொல்லி ஜெபித்தவனுக்கு அந்த முகத்தை மறக்க முடியாது.

சர்க்கார் சோறு போடும்போது

இன்று பஞ்சம் இல்லை. ரேஷன் கடையில் அரிசி கிடைக்கிறது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையிலேயே, ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப் பள்ளியில் தொடங்கியது. 2024-ல் கிராமங்களில் உள்ள உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025-ல் நகரங்களில் உள்ளவற்றுக்கும் அது வந்தது. உதவி பெறும் பள்ளிகளில் பல, மிஷன் பள்ளிகள்.

ஒரு காலத்தில் தர்மமாகக் கிடைத்த கஞ்சி, இன்று குழந்தையின் உரிமையாகி விட்டது. இது நல்ல முன்னேற்றம். தர்மத்துக்குக் கை நீட்ட வேண்டும். உரிமைக்குத் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

அப்படியானால் தனி மனிதரின் அன்புக்கு வேலை இல்லையா? உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே இருக்கும் முதியவரோடு சர்க்கார் உட்கார்ந்து பேசாது. கடன்காரனுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்ட குடும்பத்தின் கதவைச் சர்க்கார் தட்டாது. அதைப் பக்கத்து வீட்டார்தான் செய்ய வேண்டும்.

அயல்நாட்டுப் பணம்

இன்னொரு விஷயம். அயல்நாட்டு நன்கொடைச் சட்டம் 2020-ல் கடுமையாக்கப்பட்டது. அயல்நாட்டுப் பணம் பெறும் நிறுவனம், அதை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது. பெரிய அமைப்பு வாங்கிச் சின்னக் கிராம விடுதிக்குப் பிரித்துக் கொடுத்த வழி அடைபட்டது.

இந்தச் சட்டம் சரியா, தப்பா என்பதில் இரண்டு கட்சி உண்டு. கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது ஒரு வாதம். ஏழைகள் பாதிக்கப்படுகிறார்கள் என்பது மறு வாதம். எப்படியானாலும், இனி உள்ளூர்க் கைகள்தான் உள்ளூர் அநாதையைத் தாங்க வேண்டும்.

அது முடியுமா? முடியும். நம் பாட்டிமார் வழி காட்டியிருக்கிறார்கள்.

ஒரு பிடி

தென் மாவட்டக் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. உலை வைக்கும் முன், அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். அது நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். கைப்பிடி அரிசிக் காணிக்கை என்று பெயர்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தம் அல்ல. விருதுநகரில் வீடுதோறும் பிடி அரிசி திரட்டி க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளியை நடத்தினார்கள். அங்கே படித்த பையன்தான் காமராஜர். ஒரு பிடி அரிசியால் நடந்த பள்ளியில் படித்தவர், பிறகு நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சோறு போட்டார்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிடி என்பது 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. 100 வீடு சேர்ந்தால் 150 கிலோ. 25 முதியவர்கள் உள்ள ஓர் இல்லத்தில், ஆளுக்கு 300 கிராம் வீதம் ஒரு நாளைக்கு ஏழரைக் கிலோ வேண்டும். 100 வீட்டின் பிடி அரிசி, அவர்களுக்கு 20 நாள் சோறு!

எந்த வீட்டிலும் யாருக்கும் வயிறு குறையாது.

நன்றி எப்படி இருக்கும்?

தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, நெடு நாளாகக் காகிதத்தில் கிடந்த பெரியாறு அணைத் திட்டம் வேகம் பெற்றது. 1895-ல் அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய தண்ணீர் கிழக்கே வைகைக்கு வந்தது. வாடிப்பட்டியும் மேலூரும் பச்சையாயின.

அணையைக் கட்டிய பென்னிகுயிக் ஓர் ஆங்கிலேய என்ஜினீயர். ஜனவரி 15 அவருடைய பிறந்த நாள். பொங்கலை ஒட்டி வருகிற அந்த நாளில் தேனிப் பக்கத்து விவசாயிகள் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். செய்தவர் எந்த மதம், எந்த நாடு என்று அவர்கள் பார்ப்பதில்லை.

சி.எஸ்.ஐ. சபைகளில் அறுப்பின் பண்டிகை நடக்கும். முதல் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். வாழைத்தார், தேங்காய், சேவல் எல்லாம் ஏலம் போகும். கடையில் பத்து ரூபாய் பெறும் பொருளை நூறு ரூபாய்க்கு எடுப்பார்கள். அதிக விலை என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. அது பொருளின் விலை அல்ல; நன்றியின் விலை.

வாய் வார்த்தையோடு நின்றால் நன்றி காற்றோடு போய்விடும். கலயத்தில் விழுந்தால் அடுத்தவருக்குச் சோறாகும்.

இன்று மாலை செய்யலாம்

அன்பு, ஜெபம், நன்றி மூன்றையும் ஒரே வீட்டில், ஒரே நாளில் செய்ய முடியும்.

உங்கள் தெருவில் கஷ்டப்படும் ஒருவரின் பெயரைச் சொல்லி, உங்கள் தெய்வத்தை வேண்டுங்கள். நாளைக்கு அவர் வீட்டுக்கு ஒரு முறை போய் வாருங்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வையுங்கள். அந்தப் பிடியை வீட்டிலுள்ள சின்னப் பிள்ளையின் கையால் எடுக்கச் சொல்லுங்கள்.

சின்னக் கை, கொஞ்சம்தான் வரும். அது பெரிய கையாகும்போதும் எடுக்கிற பழக்கம் இருக்கும்.