விமானம் ஏறுமுன் ஒரு நிமிடம்!



"டிப்ளமோ முடிச்சதும் என்ன பண்ணப் போறே?" என்று நம்ம பக்கம் யாரைக் கேட்டாலும், "ஃபாரின்தான்" என்றுதான் பதில் வருகிறது. கறம்பக்குடியிலிருந்து புதுக்கோட்டை, அங்கிருந்து திருச்சி சாலை. ஊருக்குள் நுழையும் முன்பே விமான நிலையம் வந்துவிடும். நம்மில் பலருக்குத் திருச்சி என்றால் மலைக்கோட்டை ஞாபகம் வருவதில்லை, ஏர்போர்ட்தான் ஞாபகம் வருகிறது!

அந்தக் காலத்தில் நம் பெரியவர்கள் கப்பலில் போனார்கள். நாகப்பட்டினத்தில் ஏறி பினாங்கு, சிங்கப்பூர் என்று பல நாள் பயணம். 'ரஜூலா', 'எம்.வி. சிதம்பரம்' என்று கப்பல் பெயர்களை இன்றும் சொல்லும் தாத்தாக்கள் இருக்கிறார்கள். 1985இல் சிதம்பரம் கப்பல் தீப்பிடித்தது. அதோடு அந்தப் பயணம் முடிந்தது. பிறகு எல்லாம் விமானம்தான்.

திருச்சி விமான நிலையமும் நேற்று முளைத்ததல்ல. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப் படை அங்கே இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு கொழும்புக்கு விமானம் பறந்தது. 2009இல் ஒரு முனையம் கட்டினார்கள். 2012இல் சர்வதேச விமான நிலையம் என்ற தகுதி கிடைத்தது. 2024 ஜனவரி 2ஆம் தேதி சுமார் 1,100 கோடி ரூபாய் செலவில் புதிய முனையம் திறக்கப்பட்டு, ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. கோபுரமும் கோலமுமாகக் கண்ணைப் பறிக்கிறது!

அதை வளர்த்தது யார்? சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் துபாய்க்கும் சார்ஜாவுக்கும் வேலைக்குப் போன நம் அண்ணன்மார்கள், சித்தப்பாமார்கள்தான். கட்டடம் வளர்ந்துவிட்டது. அதன் வழியாகப் போகிறவன் நிலைமை வளர்ந்ததா? இதுதான் என் கேள்வி.

2024 அக்டோபர் 11ஆம் தேதி நினைவிருக்கிறதா? திருச்சியிலிருந்து 141 பேருடன் சார்ஜா கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்றி, எரிபொருளைக் குறைத்து, பத்திரமாகத் தரை இறக்கினார்கள். தமிழ்நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. விமானத்துக்குள் இருக்கும்வரை நம்மைக் காப்பாற்ற ஆள் இருக்கிறார்கள். போய் இறங்கிய பிறகு?

இங்கேதான் ஒரு விஷயம். எங்க அப்பா எட்டாவதுதான் படித்தவர். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.' என்று இருக்கும். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக வேண்டுமானால், 1983ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி அரசு அதிகாரி ஒப்பந்தத்தைப் பார்த்து அனுமதி தர வேண்டும். 10 லட்ச ரூபாய் இன்சூரன்சும் கட்டாயம்.

நாம் பத்தாவது தேறியவர்கள். நமக்கு அந்த முத்திரை கிடையாது. அந்தச் சோதனையும் கிடையாது. "படித்தவன், தன்னைத் தானே பார்த்துக்கொள்வான்" என்று சட்டம் நம்மை விட்டுவிட்டது. எங்க குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். என் பேப்பரை வாங்கிப் படித்துப் பார்த்துச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. நம்மில் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதானே?

ஆகவே நாமே படிப்போம். ஏஜெண்டுக்கு லைசென்ஸ் நம்பர் உண்டா என்று மத்திய அரசின் 'இ-மைக்ரேட்' பக்கத்தில் பார்க்கலாம். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜி.எஸ்.டி.யும்தான். நகையை அடகு வைத்து லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறோமே, எதற்கு? "முதல்ல விசிட் விசாவுல போ, அங்க போய் மாத்திக்கலாம்" என்பவனை நம்பாதீர்கள். விசிட் விசா வேலை விசா ஆகாது. சம்பளம், வேலை நேரம், தங்குமிடம் மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் என்று கூட்டிப்போய் மூட்டை தூக்க விட்டால், மூன்று வருஷம் நாம் படித்தது எதற்கு?

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். விளையாட்டு விழா நடத்துகிறோம், ஆண்டு விழா நடத்துகிறோம். இறுதியாண்டு மாணவர்களுக்காக ஒரே ஒரு நாள், பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் பற்றி விவரம் தெரிந்தவர்களை அழைத்து வகுப்பு நடத்தக் கூடாதா? வெளிநாட்டில் இருக்கும் நம் பழைய மாணவர்களையே பேச வைக்கலாமே!

போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் ஒருநாள் போகலாம். ஆனால் தோழா, கையெழுத்துப் போடுமுன் படி. படித்தவன் என்பதற்கு அடையாளம் அதுதான்!

— மூன்றாமாண்டு மின்னியல் மாணவன்,
கறம்பக்குடி.