கணக்கெழுதும் பழக்கம்

“ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் மொழி. ஆற்றில் போட்டது திரும்பி வாராது, செலவும் அத்தகையதே. போன பணத்தை மீட்க இயலாது. ஆயினும் எவ்வளவு போயிற்று, எதற்குப் போயிற்று என்று அறிந்தவரே அடுத்த முறை கையை அடக்குவர். எனவே, ஒவ்வோர் இல்லத்திலும் செலவுக் கணக்கு எழுதப்பெறுதல் வேண்டும் என்பது என் கருத்து.

இக்கலை நமக்குப் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டிலேயே ஜார்ஜ் டவுன் பினாங்கு வீதியில் நகரத்தார் கிட்டங்கி அமைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்தினர். அன்றாட நடப்பைச் சிட்டையில் குறித்து, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை எடுப்பது அவர்களது முறை. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவனும் அவ்விடத்திலேயே கணக்குப் பழகினான். இளமையில் பழகியது முதுமைவரை உடன் வந்தது.

நம் இல்லங்களுக்குள் நுழைந்த கணக்கோ வேறு. அட்டையில் 555 என்னும் எண் பொறித்த, சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு புத்தகத்தை இந்நாட்டில் அறியாதார் யார்? மளிகைக்கடையில் கடனுக்கு வாங்கிய அரிசியும் சீனியும் அதில் ஏறும். சம்பள நாளில் தீரும். எத்தனையோ குடும்பங்களின் அடுப்பை அணையாமல் காத்தது அந்நம்பிக்கை. எனினும், அதில் எழுதியது கடைக்காரர் கை. நாம் பிறருக்குத் தரவேண்டியதை அது சொல்லிற்று. நம் கைப்பணம் சென்ற வழியைச் சொல்லவில்லை.

இன்று நிலைமை இன்னும் கடினம். கைப்பேசியைக் காட்டினாலே பணம் சென்று சேர்ந்துவிடுகிறது. வெள்ளி நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது எழும் தயக்கம் அங்கே எழுவதில்லை. “கைப்பேசியே பட்டியல் தருகிறதே!” எனச் சிலர் கூறலாம். அப்பட்டியல் கடையையும் தொகையையும் காட்டும். தேவைக்கு வாங்கினோமா, ஆசைக்கு வாங்கினோமா என்பதைக் காட்டாது. ரொக்கமாகக் கொடுத்ததையும் அது அறியாது.

ஆதலின், அந்தச் சிறு புத்தகத்தையே நம் கைக்கு மாற்றிக் கொள்வோம். நாள், பொருள், தொகை என மூன்று பத்தி போதும். ஒவ்வொரு செலவின் அருகிலும் தேவை, விருப்பம், கடன் ஆகிய மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். உறங்கச் செல்லுமுன் ஐந்து நிமிடம் எழுதுக, ஞாயிறுதோறும் கூட்டுக. நாளொன்றுக்கு 2 வெள்ளி வீணானால் ஓராண்டில் 730 வெள்ளி கரைந்துவிடும். மனத்துக்குச் சிறிதாகத் தோன்றுவதைக் கூட்டுத்தொகை பெரிதாக்கிக் காட்டும்.

ஜப்பானில் ஹானி மொதோகோ என்னும் பெண் பத்திரிகையாளர் 1904ஆம் ஆண்டில் குடும்பக் கணக்கேடு ஒன்றை வெளியிட்டார். இல்லத்தரசியர் தம் கையாலேயே வரவு செலவை எழுதும் வழக்கம் அந்நாட்டில் பரவ அது துணைபுரிந்தது. அவர்களால் இயன்றது நம்மால் இயலாதா?

“குறைந்த வருவாயில் வாழ்வோருக்குக் கணக்கு எதற்கு?” என்று வினவலாம். அவர்களுக்கே அது மிகவும் தேவை. வரவு வரும் வழி குறுகியதாயினும், செலவு போகும் வழி அகலாதவரை கேடில்லை என்னும் கருத்தை வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வைத்துள்ளார். தன் பொருளின் அளவை அறிதலும் தன் வலிமையை அறிதலே அன்றோ? எழுதுவதால் மட்டும் வருவாய் பெருகிவிடாது. ஆனால், மாதக் கடைசியில் எவரிடம் கடன் கேட்பது என்னும் கலக்கம் குறையும்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைக்குச் சிற்றுண்டிக் காசு தரும்போது ஒரு சிறு குறிப்பேட்டையும் தாருங்கள். தவறான செலவைக் கண்டால் கடிந்துகொள்ளாதீர்கள். கடிந்தால் பிள்ளை மறைத்தெழுதப் பழகிவிடும். உங்கள் கணக்கையும் அதன்முன் திறந்து வையுங்கள்.

மாணவச் செல்வங்களே! வகுப்பில் நீங்கள் கற்கும் கூட்டலும் கழித்தலும் தேர்வுக்கு மட்டும் உரியவையல்ல. இன்று வாங்கிய பலகாரத்தின் விலையை இன்றிரவே எழுதித் தொடங்குங்கள்.