சடங்கின் போக்கும் படத்தின் பாணியும்

புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமண ஒளிப்படத் தொழிலில், உறவினரை மேடையில் வரிசையாக நிறுத்தி எடுக்கும் மரபுமுறையும், எவரையும் நிறுத்தாமல் நடப்பதை நடந்தவாறே பதியும் கேண்டிட் முறையும் தனித்தனிக் கட்டணத்துக்கு உரியவையாகப் பிரிந்துவிட்டதால், ஒரே திருமணத்தின் ஆல்பம் இரண்டு வீட்டுத் திருமணங்களின் படங்களாகத் தோன்றும் நிலை ஏற்பட்டுள்ளது. எந்த விகிதத்தில் இவற்றைக் கலப்பது என்று பேசுவதற்கு முன், எந்தச் சடங்கு எம்முறையைக் கேட்கிறது என்பது தீர்மானிக்கப்பட வேண்டும்.

தாய்மாமன் சீர் மேளதாளத்துடன் தெருவில் வரும்போது, அகலக்கோண லென்ஸுடன் ஊர்வலத்தின் முன்னே பின்னோக்கி நடந்தபடி, யாரையும் நிறுத்தாமல் எடுப்பதே பொருந்தும். ஆனால் தாம்பாளங்கள் மணவறைமுன் பரப்பப்பட்டபின், மாமன் குடும்பம் முழுவதையும் நிறுத்தி ஒரு படம் எடுத்தே ஆக வேண்டும். முறை செய்தவர் யார், உடன் நின்ற பங்காளிகள் யார் என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்லும் அந்தப் படத்துக்கு, வடகாடு, கீரமங்கலம் பகுதி வீடுகளில் காக்கப்படும் மொய் நோட்டுக்கு நிகரான மதிப்பு உண்டு. இளைய கலைஞர்கள் இதனைப் பழைய பாணி என்று ஒதுக்குவது வருந்தத்தக்கது.

கேண்டிட் முறையினர் முன்னோடியாகக் கொள்ளும் பிரெஞ்சுக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன், 1950-இல் திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படமாக்கியவர். பிளாஷைத் தவிர்த்து, உள்ள ஒளியிலேயே கணத்துக்காகக் காத்திருப்பது அவர் வழி. திருமணத்தில் அக்கணத்தைக் கெட்டிமேளமே முன்னறிவிக்கிறது. அது முழங்கியதும் அட்சதை தூவ நீளும் கைகள் முன்புறத்தை மறைத்துவிடுமாதலால், மணமகன் முதல் முடிச்சிடுவதை ஒருவர் எதிரிலிருந்து பதிய, மற்றவர் முன்கூட்டியே மணமகளின் பக்கவாட்டில், சற்றுப் பின்னே இடம்பிடித்திருந்தால்தான், சடைப்பூவை ஒதுக்கி அடுத்த முடிச்சுகளை இடும் நாத்தனாரின் விரல்கள் கிடைக்கும்.

இரு முறைகளையும் ஒன்றிணைப்பது ஒளி. இராயவரம், கோனாப்பட்டு போன்ற ஊர்களின் நகரத்தார் வீடுகளில், வளவு எனப்படும் திறந்த முற்றத்தில் வானொளியும், சுற்றியுள்ள தாழ்வாரத்தில் தேக்குத் தூண்களின் நிழலும், அவற்றினிடையே வீடியோக்காரரின் மஞ்சள் விளக்கும் சேர்கின்றன. ஒளியின் மஞ்சள் அல்லது நீலச் சாயலைக் கெல்வின் அலகில் குறிக்கும் நிற வெப்பநிலை, ஹாலஜன் விளக்குக்கு ஏறத்தாழ 3200 எனவும் பிளாஷுக்கு 5500 எனவும் இருப்பதால், நிறுத்தி எடுத்த படத்தில் நீலமாகவும் கேண்டிடில் செம்மஞ்சளாகவும் அதே பட்டுப்புடவை நிறம் மாறிவிடுகிறது. பிளாஷின் மீது செம்மஞ்சள் வண்ணத்தாள் பொருத்தி, இரு கேமராக்களிலும் ஒரே கெல்வின் அளவை வைத்தால் இவ்வேறுபாடு பெருமளவு நீங்கும். முகூர்த்தம் விடியற்காலையில் அமைந்தால், வெயில் ஏறுந்தோறும் அந்த அளவை இருவரும் ஒன்றாகவே மாற்ற வேண்டும்.

முதல்நாளே வீட்டுப் பெரியவர் ஒருவருடன் அமர்ந்து சடங்குகளின் வரிசையையும், நிறுத்தி எடுக்க வேண்டிய உறவுமுறைகளையும் எழுதிக்கொள்வதும், எல்லாக் கேமராக்களின் கடிகாரங்களையும் ஒரே நேரத்துக்குத் திருத்திவைப்பதும் சிறிய வேலைகளே. ஆயினும் இருவர் எடுத்த படங்களும் நிகழ்ந்த வரிசையிலேயே தாமாக ஒன்றுசேர்வது அவற்றால்தான்.