கிணறு சாட்சி சொல்கிறது!

"உன் கிணறு வற்றிவிட்டதா? அது உன் தலைவிதி! என் நிலம், என் மோட்டார், என் தண்ணீர். கேட்க நீ யார்?"

ஆயிரம் அடிக்குத் துளை போட வசதி படைத்தவர் இப்படிக் கேட்கிறார். காய்ந்த கிணற்றின் விளிம்பிலே நிற்கும் ஏழை உழவன் வாயடைத்துப் போகிறான். "பூமிக்குள்ளே நடப்பதை யார் கண்டது?" என்று ஊர்ப் பெரியவர் பெருமூச்சு விடுகிறார்.

யாரும் காணவில்லையா? கண்டிருக்கிறார்கள், தோழர்களே! கண்டதோடு நிற்கவில்லை; அளந்தே வைத்திருக்கிறார்கள்.

1843ஆம் ஆண்டு, இங்கிலாந்திலே ஒரு பஞ்சாலைக்காரரின் கிணறு, அருகே தோண்டிய நிலக்கரிச் சுரங்கத்தால் வற்றிப் போயிற்று. வழக்காடினார். மண்ணுக்கடியில் நீர் போகும் வழி மறைவானது, அவரவர் நிலத்தடியில் இருப்பது அவரவர்க்கே என்ற தத்துவம் பேசி, அவரை வெறுங்கையோடு அனுப்பினர். 1859இல் ஆற்றங்கரை ஆலைக்காரர் ஒருவருக்குப் பிரபுக்கள் சபை தந்ததும் அதே தீர்ப்புத்தான். அந்தத் தத்துவம் 1882இல் வசதியுரிமைச் சட்டமாகக் கப்பலேறி வந்து, சென்னை மாகாணத்திலே குடிபுகுந்தது. குறிப்பிட்ட வாய்க்காலில் ஓடாத நிலத்தடி நீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு என்றது. வெள்ளையன் போனான், அவன் எழுதிய விதி போகவில்லை!

பிரபுக்கள் "மறைவானது" என்று தீர்ப்பளிப்பதற்கு மூன்றாண்டு முன்பே, 1856இல், பிரான்சு நாட்டு திஜோன் நகரத்துப் பொறியாளர் ஆன்றி தார்சி, குழாயிலே மணலை நிரப்பி, நீரை ஊற்றி, அது எவ்வளவு வேகத்தில் கசிகிறது என்று கணக்கெழுதி வெளியிட்டார். 1935இல் அமெரிக்காவின் சார்லசு தீசு, உலோகத்தில் வெப்பம் பரவும் கணக்கையே எடுத்து, இறைக்கிற கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் நாழிகைக்கு நாழிகை எப்படித் தாழும் என்று காட்டினார்.

அந்தக் கணக்கைக் களத்திலே பயன்படுத்துவதுதான் இறைப்புச் சோதனை. ஒரு கிணற்றிலே ஒரே சீரான அளவில் நீரை இறைக்க வேண்டும். சுற்றிலும் வெவ்வேறு தூரத்தில் உள்ள கிணறுகளில் நாடாவை இறக்கி, முதலில் நிமிடத்துக்கு ஒரு முறை, பிறகு மணிக்கு ஒரு முறை, மட்டத்தைக் குறிக்க வேண்டும். ஒரு நாள், தேவையானால் மூன்று நாள். பிறகு மோட்டாரை நிறுத்தி, மட்டம் எப்படி ஏறி வருகிறது என்பதையும் குறிக்க வேண்டும்.

நெற்குதிரின் அடிவாயைத் திறந்தால் மேலே குழி விழுகிறதல்லவா? அப்படியே இறைக்கிற கிணற்றைச் சுற்றியும் நீர்மட்டத்தில் குழி விழுகிறது. இறைக்க இறைக்க அது அகல்கிறது. வேலியைக் கண்டு நிற்பதில்லை. பட்டாவைப் படித்துப் பார்ப்பதுமில்லை! குழியின் ஆழமும் அது பரவும் வேகமும் இரண்டு செய்திகளைச் சொல்கின்றன. அந்த நிலம் நீரை எவ்வளவு எளிதாகக் கடத்தும் என்பது ஒன்று. எவ்வளவு சேமித்து வைத்திருக்கிறது என்பது மற்றொன்று. களிமண் அடுக்குக்குக் கீழே அழுத்தத்தில் அடைபட்ட நீராக இருந்தால், இறக்கம் வெகுதூரம் விரைந்து பரவும்.

நெய்வேலியைப் பாருங்கள். அங்கே பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அப்படி அழுத்தத்தோடு நீர் இருக்கிறது. இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துவிடும். ஆகவே இரவு பகலாக இறைக்கிறார்கள். சுரங்கத்தைக் காக்க நீரின் போக்கை அளக்க முடிகிறது. நீர்மட்டம் தாழ்ந்தது என்று சுற்றுக் கிராமத்து உழவன் முறையிட்டால் மட்டும் பூமிக்குள் நடப்பது மர்மமாகி விடுகிறதா? கேட்கிறோம்!

நிலத்தடி நீருக்கென 2003இல் தமிழகத்திலே ஒரு சட்டம் வந்தது. 2013இல் அது நீக்கப்பட்டது. இன்றும் தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி நீரோட்டம் பார்க்கிறோம். தேங்காய் சாயும் திசையை நம்புகிறவர்கள் நாடா காட்டும் அளவை நம்பக் கூடாதா?

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. தமிழகத்தின் பெரும்பகுதி பாறை நிலம். அங்கே நீர் வெடிப்புகளின் வழியே ஓடுகிறது. ஒரு திசையில் வற்றும், மறு திசையில் வற்றாது. ஒரே ஒரு கிணற்றை அளந்துவிட்டு ஊருக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. அதனாலேதான் பல கிணறுகளை அளக்க வேண்டும் என்கிறோம். அளக்கவே வேண்டாம் என்பதற்கு அது காரணமாகாது.

நாம் கேட்பது மூன்று. தொழிலுக்கும் வியாபாரத்துக்கும் பெரும் அளவில் நீர் எடுக்க அனுமதி தருமுன் இறைப்புச் சோதனை நடக்கட்டும். அளக்கப்படும் கிணறுகளிலே அக்கம்பக்கத்து ஏழை உழவனின் கிணறும் இருக்கட்டும். அளவு முழுவதும் தமிழிலே ஊராட்சிப் பலகையில் எழுதப்படட்டும்.

தலைவிதி என்று சொல்லி அழுத காலம் போகட்டும். ஊருக்கு ஊர் நாடாவும் கடிகாரமும் எடுங்கள், தோழர்களே. கிணறு சாட்சி சொல்லக் காத்திருக்கிறது. கூண்டிலே ஏற்ற வேண்டியது நம் கடமை!