இரவல் தோளில் ஒரு ராஜ்யம்

1990 மார்ச் 1-ஆம் தேதி திரிகோணமலையில், வடகிழக்கு மாகாண முதலமைச்சர் வரதராஜப் பெருமாள் ஈழத் தனி நாட்டுப் பிரகடனம் செய்தார். இதை வீரம் என்று மெச்சுகிற நண்பர்கள் உண்டு. கேலிக்கூத்து என்று சிரிக்கிறவர்களும் உண்டு. இரு சாராரும் பார்ப்பது மேடையை மட்டும்தான் என்பது என் குற்றச்சாட்டு.

அந்தச் சபையைத் தாங்கி நின்றது இந்திய ராணுவம். அது மூட்டை கட்டும் வேளையில் பிறந்தது பிரகடனம். சில நாட்களில் பெருமாள் இந்தியா வந்துவிட்டார். மார்ச் 24-ல் கடைசிப் படையும் கிளம்பிற்று. எங்கள் பேசின் பிரிட்ஜுக்கு அருகிலுள்ள துறைமுகத்தில் இறங்கிய அந்தப் படையை வரவேற்க முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. ஊரெல்லாம் அதே பேச்சு. 'தமிழ்த் தேசிய ராணுவம்' என்று பெயர் சூட்டி, வீதியில் பிடித்துப் போய்த் துப்பாக்கி கொடுத்தார்களே, அந்தப் பையன்களைப் பற்றி யார் பேசினார்கள்? இந்தியப் படை விலக விலக, அவர்களில் எத்தனையோ பேர் புலிகளிடம் அகப்பட்டுச் செத்தார்கள்.

யுகோஸ்லாவியா உடைந்தபோதும் இதே கதைதான். குரோஷியாவிலிருந்த செர்பியர்கள் 1991-ல் கிராயினாக் குடியரசை அறிவித்தார்கள். பெல்கிரேடின் பலத்தில் நின்ற ராஜ்யம் அது. 1995 ஆகஸ்டில் பெல்கிரேட் கைகட்டி நிற்க, நாலைந்து நாளில் விழுந்தது. லட்சத்துக்கு மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு ஓடினார்கள்.

இரவல் தோளில் ஏறிக் கொடி பிடிக்கிற பெரியோர்களே! தோள் விலகினால் நீங்கள் எப்படியோ இறங்கிக்கொள்வீர்கள். கொடிமரம் விழுவது கீழே நிற்பவன் தலையில் அல்லவா?