வட்டி வீத அறிவிப்பும் மலையகத்தின் நம்பிக்கையும்

மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதத்தை அறிவிக்கும் நாளில், கொழும்பிலுள்ள முதலீட்டாளர்கள் அதன் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்க்கின்றனர். ஹற்றனிலும் நுவரெலியாவிலும் அந்நாள் மற்றொரு நாளாகவே கழிகின்றது. எனினும் அவ்வறிவிப்பின் சுமை தேயிலைத் தோட்டங்களை விரைவாகவும், பயன் தாமதமாகவும் வந்தடைகின்றது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆளுநராக நந்தலால் வீரசிங்க பொறுப்பேற்ற மறுநாளான 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி, நாணயச் சபை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அதனைக் கண்ட மாத்திரத்தே முதலீட்டாளரின் நம்பிக்கை திரும்பிவிடவில்லை. நான்கு தினங்களில் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு இடைநிறுத்தப்பட்டது. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி அங்கீகரிக்கப்பட்டு, விலையேற்றம் கண்கூடாகத் தணிந்த பின்னரே சந்தை நிதானம் பெற்றது.

இதற்கிடையில் திறைசேரி உண்டியல்கள் 30 சதவீதத்துக்கும் அதிகமான வட்டியை ஈட்டித் தந்தன. மூன்று மாதங்களில் ஆபத்தின்றி ஆதாயம் கிடைக்கையில், கொழுந்து தர ஆண்டுகள் பல எடுக்கும் மீள்நடுகையில் பணத்தை முடக்க எவர் முன்வருவார்? 2024 நவம்பரில் 8 சதவீதமாக நிர்ணயிக்கப்பட்ட கொள்கை வீதம் 2025 மேயில் 7.75 ஆகக் குறைக்கப்பட்டபோதும் இத்தயக்கம் முற்றாக நீங்கியதெனக் கூறமுடியாது. பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகைக் காலம் 2045 இல் முடிவடைகின்றது. அதன் பின்னர் எவர் கையில் போகுமென்று தெரியாத நிலத்தில் நீண்டகால முதலீட்டை வட்டிக் குறைப்பு மாத்திரம் வரவழைக்காது.

சாதாரண குடும்பங்களின் நிலை வேறு. மலையகத்தில் பாடசாலைச் செலவுக்கும் மருத்துவச் செலவுக்கும் முதலில் வங்கிக்குப் போவது நகைதான். கொள்கை வீதம் ஏறியவுடன் அடகு வட்டியும் ஏறியது. 2023 ஜூனில் அது இறங்கத் தொடங்கிய பின்னரும் வங்கிகள் அவசரம் காட்டவில்லை. இறுதியில் 2023 ஆகஸ்டில், அடகு வட்டி 18 சதவீதத்தை விஞ்சலாகாதென மத்திய வங்கியே கட்டளையிட நேர்ந்தது. சொன்னதைச் சந்தை தானாகக் கேட்குமென்றிருந்தால் இக்கட்டளைக்குத் தேவை எழுந்திராது.

வட்டியை மார்க்க அடிப்படையில் தவிர்த்து, இஸ்லாமிய நிதி முறையை நாடும் முஸ்லிம் வர்த்தகர்களும் இதற்கு வெளியே இல்லை. முராபஹா ஒப்பந்தத்தில் சேர்க்கப்படும் இலாபமும் சந்தை வீதத்தையொட்டியே பெரும்பாலும் ஏறி இறங்குகின்றது. தோட்டத்துக் கைகளில் பணம் குறைந்தால் நகரக் கடைகளின் விற்பனையும் சரிகின்றது.

வட்டி குறைந்த காலத்திலேனும் தோட்டத் தொழிலாளி கடன் பெற்றுச் சிறு தொழில் தொடங்கலாமே எனச் சிலர் கேட்கின்றனர். வங்கி கேட்பது காணி உறுதி. லயன் அறையில் தலைமுறைகளாக வாழ்ந்தும் அநேகரிடம் அது இல்லை. அடகு வைத்த நகையை மீட்கும் வரை அவர்களிடம் ஈடாகக் காட்ட வேறெதுவும் இல்லை.