களவுக்கும் தவணையோ?

இத்தாலியிலே, புளோரன்ஸ் நகரத்துப் பித்தி அரண்மனையில் 1824ஆம் ஆண்டு முதலாக ஒரு பூச்சாடி ஓவியம் இருந்தது. ஒல்லாந்த ஓவியர் யான் வான் ஹொய்சும் தீட்டியது. இரண்டாம் உலகப்போர் மூண்டபோது காவலின்பொருட்டு அதனை நாட்டுப்புற மாளிகைக்கு அனுப்பினர். 1944இல் பின்வாங்கிய ஜேர்மன் படையினர் அதனைக் கவர்ந்து சென்றனர். படைவீரனொருவன் தன் மனைவிக்கு அனுப்பிவைத்தான்.

ஒரு பூச்சாடிக்கு இத்துணை ஆரவாரம் ஏன் என மாணவர் கேட்கலாம். கூடத்திலுள்ள ஓவியத்தைக் கூலிக்காரனும் கண்டு மகிழ்வான். வீட்டில் மறைத்ததை யார் காண்பார்?

ஜேர்மனி ஒன்றுபட்டபின், 1991இல் ஓவியம் இருக்குமிடம் வெளிப்பட்டது. வைத்திருந்தோர் விலை கேட்டனர்! களவுபோன பொருளை உடையவனே காசு கொடுத்து வாங்குவதோ? முப்பதாண்டு கழிந்தபின் மீட்க வழக்காடுதல் அந்நாட்டுச் சட்டத்தில் அரிது. வேலி வழக்குகளுக்குக் கால எல்லை வேண்டற்பாலதே. தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறுவோரை யாமும் அறிவோம். போரிலே பொதுக்கூடத்தினின்றும் கவர்ந்த பொருளுக்கோ அவ்வெல்லை ஆகாது என்பதே எம் துணிபு. மறைத்துவைத்த காலமே மறைத்தவனுக்கு அரணாகுமெனின், அது கள்வனுக்கு அளித்த தவணையன்றி வேறென்ன?

2019 தைமாதம் முதலாந் திகதி, உபிசிக் கலைக்கூடத் தலைவர் சிமித், ஓவியத்தின் கறுப்பு வெள்ளைப் படியொன்றைச் சுவரில் மாட்டி, ‘திருடப்பட்டது’ என மும்மொழியில் எழுதுவித்தார். அவரும் ஜேர்மானியரே! அவ்வாண்டு யூலையில், இரு நாட்டு வெளிநாட்டமைச்சர்களும் முன்னிற்க, ஓவியம் பித்தி அரண்மனைக்கு மீண்டது. உலகறிந்த கூடமாதலின் அதன் குரல் எட்டிற்று. பெயர் அறியாச் சிறு கூடங்கள் இழந்தவற்றுக்குச் சட்டமல்லால் வேறு துணை யாதுளது?